பகிர்வு வீட்டின் ப்ரீபெய்டு மீட்டர்: ரீசார்ஜ் செய்த பணம் எங்கே போகிறது?

வாடகைக்கு அறை பார்க்கப் போகிறவர்கள் வாடகையைப் பேரம் பேசுவார்கள். அட்வான்ஸைக் குறைக்கச் சொல்வார்கள். தண்ணீர் எத்தனை மணி வரை வரும் என்றுகூட விசாரிப்பார்கள். கரண்ட் பற்றி மட்டும், "ப்ரீபெய்டு மீட்டர்தான், நீங்க போடுற காசுக்கு ஓடும்" என்று வீட்டுக்காரர் சொன்னதும் பேச்சு முடிந்துவிடும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. எரிக்கிற அளவுக்குக் காசு. இதில் கேட்க என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. பலர் ஆளுக்கொரு அறை எடுத்துப் பகிர்ந்துகொள்ளும் இப்படிப்பட்ட வீடுகளில் பல வருடங்கள் குடியிருந்து, ரசீதுகளை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்ததில் எனக்கு ஒன்று உறுதியாகத் தெரிந்துவிட்டது. ஒரே கட்டடத்தில், ஒரே மின்கம்பத்திலிருந்து வரும் மின்சாரத்தை அதிக விலை கொடுத்து வாங்குவது பெரும்பாலும் அங்கே குறைந்த வருமானத்தில் இருப்பவர்தான். இதற்கு யாரும் கெட்டவராக இருக்கவேண்டிய அவசியம்கூட இல்லை. ஏற்பாடே அப்படி அமைந்திருக்கிறது.

முதலில் மீட்டரைப் பற்றி. ப்ரீபெய்டு என்று சொல்லப்படுவதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, மின் நிறுவனமே ஒரு வீட்டுக்குப் பொருத்தும் மீட்டர். அந்த வீட்டில் நான்கு பேர் இருந்தால் நான்கு பேருக்கும் அதுதான். இன்னொன்று, மெயின் மீட்டருக்குப் பின்னால் வீட்டுக்காரர் தன் செலவில் அறைக்கு அறை வைத்திருக்கும் சப் மீட்டர். சுவரில் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும்: சின்னத் திரை, எண் அழுத்தும் பட்டன்கள், மினுக்கும் ஒரு சிவப்பு விளக்கு. வித்தியாசம் விலையில் இருக்கிறது. முதல் வகையில் யூனிட் விலைக்குப் பின்னால் பொதுவாக ஓர் ஒழுங்குமுறை ஆணையம் இருக்கும். கட்டண அட்டவணையை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். இரண்டாவது வகையில் விலையை வைப்பது வீட்டுக்காரர், அல்லது அவர் சார்பில் ரீசார்ஜ் விற்கும் ஒரு தனியார் நிறுவனம். குடியிருப்பவர் கண்ணுக்கு அட்டவணை எதுவும் தெரியாது. ரீசார்ஜ் செய்த பிறகு திரையில் ஏறும் யூனிட் மட்டும்தான் தெரியும்.

பல நாடுகளில் இந்த ரீசார்ஜ், டோக்கன் எனப்படும் 20 இலக்க எண்ணாக வருகிறது. 1990களில் தென்னாப்பிரிக்காவில் உருவாகி, பிறகு உலகத் தரமாக ஏற்கப்பட்ட எஸ்.டி.எஸ். என்ற முறை அது. பணம் கட்டினால் எண் வரும். மீட்டரில் அழுத்தினால் யூனிட் ஏறும். ஒரு மீட்டருக்கு வாங்கிய எண் இன்னொரு மீட்டரில் செல்லாது. இதில் பலருக்குத் தெரியாத ஒரு சங்கதி உண்டு. டோக்கன் எந்த நேரத்தில் வாங்கப்பட்டது என்பது 1993 ஜனவரி 1 முதல் நிமிடக் கணக்கில் எண்ணப்பட்டு, டோக்கனுக்குள்ளேயே பதிந்து வந்தது. அந்த எண்ணிக்கைக்கு ஒதுக்கிய இடம் 2024 நவம்பர் 24 அன்று நிரம்பிவிட்டது. அதற்குள் ஒவ்வொரு மீட்டரிலும் சிறப்பு எண்களை அழுத்தி அதைப் புதுப்பித்திருக்க வேண்டும். செய்யாவிட்டால் அதன்பிறகு புது டோக்கனை அந்த மீட்டர் ஏற்காது. மின் நிறுவனத்தின் மீட்டர் என்றால் அதைச் செய்ய வேண்டியவர் யார் என்பது தெளிவு. எப்போதோ வாங்கி மாட்டிய தனியார் சப் மீட்டர் என்றால், அதை நினைவு வைத்துச் செய்ய வேண்டியது வீட்டுக்காரர். அவர் மறந்தால் இருட்டில் உட்காருவது குடியிருப்பவர்.

சரி, பணத்துக்கு வருவோம்.

ரசீது கிடைத்ததும் நான் பார்ப்பது ஒரே ஒரு எண்ணைத்தான். கையிலிருந்து போன மொத்தப் பணத்தை, மீட்டரில் ஏறிய யூனிட்டால் வகுத்தால் வருவது. யூனிட் இவ்வளவு என்று வீட்டுக்காரர் வாயால் சொன்ன விலையும் இதுவும் ஒன்றாக இருந்து நான் பார்த்தது அரிது. நடுவில் சேவைக் கட்டணம் இருக்கும், வரி இருக்கும், மீட்டர் வாடகை என்று ஒன்று இருக்கும். சில இடங்களில் நாள் ஒன்றுக்கு இவ்வளவு என்று நிலைக் கட்டணமும் உண்டு. இந்த நிலைக் கட்டணம் ஒரு தனி வேதனை. மீட்டரில் பணம் தீர்ந்து, விளக்கு அணைந்து, நீங்கள் ஒரு யூனிட்கூட எடுக்காத நாட்களிலும் அது ஏறிக்கொண்டே இருக்கும். ஊருக்குப் போய்விட்டு வந்து ரீசார்ஜ் செய்தால், போட்ட பணத்தில் முதல் பங்கு அந்த நாட்களுக்குப் போகும். மிச்சத்துக்குத்தான் விளக்கு எரியும். முன்பு குடியிருந்தவர் வைத்துவிட்டுப் போன பாக்கியை மீட்டரிலேயே ஏற்றிவைத்து, ஒவ்வொரு ரீசார்ஜிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிக்கும் முறையும் உண்டு. புதிதாக வந்தவர் யாரோ ஒருவருடைய கடனை, அது கடன் என்றே தெரியாமல் அடைத்துக்கொண்டிருப்பார்.

சேவைக் கட்டணம் ரீசார்ஜுக்கு இவ்வளவு என்று நிலையாக இருந்தால் அதன் பாரம் யார் மேல் விழுகிறது என்று பாருங்கள். ஒவ்வொரு முறையும் 5 கழிகிறது என்று வைத்துக்கொள்வோம். மாதச் சம்பளக்காரர் ஒரே முறை 500க்குப் போடுகிறார். அவருக்கு அது நூற்றுக்கு ஒன்று. அன்றன்றைக்குக் கூலி வாங்குகிறவர் 50, 50ஆகப் போடுகிறார். அவருக்கு நூற்றுக்குப் பத்து. இருவரும் எரித்தது ஒரே அளவு மின்சாரம்தான்.

ஆனால் இவை எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு ஸ்லாப் கணக்கில் ஒளிந்திருக்கிறது. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பகிர்வு வீட்டில் இருக்கும் பலர் இதை யோசிப்பதே இல்லை.

பல இடங்களில் மின் கட்டணம் படிப்படியாக ஏறும். குறைவாக எரிப்பவருக்குக் குறைந்த விலை, அதிகமாக எரிப்பவருக்கு அதிக விலை. ஏழைக் குடும்பத்துக்கு ஆதரவாகவும் வசதியானவர் வீணடிக்காமல் இருக்கவும் நல்ல எண்ணத்தோடு செய்த ஏற்பாடு. ஆனால் அந்த அட்டவணை ஓர் இணைப்பை ஒரு குடும்பம் என்று பார்க்கிறது. ஓர் இணைப்பின் கீழ் நான்கு தனி ஆட்கள் நான்கு அறைகளில் இருந்தால் என்ன ஆகும்?

புரிவதற்காக எண்களை எளிமையாக்கிச் சொல்கிறேன். முதல் 100 யூனிட்டுக்கு யூனிட் 1, அடுத்த 100க்கு ஒன்றரை, அதற்கும் மேல் 2 என்று வைத்துக்கொள்வோம். நால்வரும் ஆளுக்கு 75 யூனிட் எரிக்கிறார்கள். தனித்தனி இணைப்பு இருந்திருந்தால் ஒவ்வொருவரும் முதல் படியைத் தாண்டியே இருக்கமாட்டார்கள். ஆளுக்கு 75, நால்வருக்கும் சேர்த்து 300. ஒரே இணைப்பின் கீழ் இருப்பதால் மொத்தம் 300 யூனிட். கட்டணம் 100, 150, 200 என்று ஏறி 450 ஆகிறது. சிக்கனமாக இருக்கும் நான்கு பேரை ஒன்றாகச் சேர்த்தால் அட்டவணையின் கண்ணுக்கு ஓர் ஊதாரி ஆகிவிடுகிறார்கள். இத்தோடு முடியவில்லை. வீட்டுக்காரர் சப் மீட்டருக்கு விலை வைக்கும்போது, தனக்கு நஷ்டம் வந்துவிடக் கூடாது என்று கடைசிப் படியின் விலையையே எல்லா யூனிட்டுக்கும் வைப்பார். யூனிட் 2. நால்வரிடமிருந்தும் வருவது 600. மின் நிறுவனத்துக்கு அவர் கட்டுவது 450. மிச்சம் 150 அவர் கையில். 300 ஆகியிருக்க வேண்டிய மின்சாரத்துக்கு 600 போய்விட்டது; இதில் யாரும் பொய் சொல்லவில்லை, எந்த மீட்டரும் தப்பாக ஓடவில்லை.

நான் பேசிப் பார்த்த வீட்டுக்காரர்களில் சிலர் இதை லாபம் என்று நினைக்கவே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். "எனக்கு பில் அந்த ரேட்லதான் வருது, அதே ரேட்டைத்தான் உங்களுக்கும் போட்டிருக்கேன்" என்பார்கள். பில்லின் கடைசி வரியைப் பார்த்து மனதார அப்படி நம்புகிறார்கள். முதல் 100 யூனிட் மலிவாக வந்தது அந்தப் பேச்சில் காணாமல் போய்விடுகிறது.

இன்னொன்று, மீட்டருக்குப் பின்னால் ஓடும் ஒயர். இதை நான் நேராகப் பார்த்தேன் என்பதால் விவரமாகச் சொல்கிறேன்.

ஒரு வீட்டில் என் அறைக்குத் தனி சப் மீட்டர். முன்பிருந்த அறையில் என்னென்ன வைத்திருந்தேனோ அதேதான் இங்கும்: ஒரு மின்விசிறி, ஒரு விளக்கு, லேப்டாப், ஃபோன். ஆனால் யூனிட் கரைகிற வேகம் மட்டும் ஒத்துவரவில்லை. மீட்டரின் முகத்தில் ஒரு சின்ன வரி அச்சடித்திருப்பார்கள்; ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கு என்று சொல்லும் எண். என் மீட்டரில் அது 3200. அதாவது அந்தச் சிவப்பு விளக்கு 3200 முறை மினுக்கினால் ஒரு யூனிட் போயிற்று. அறையில் எல்லா சுவிட்சையும் அணைத்து, எல்லா ப்ளக்கையும் பிடுங்கிவிட்டு மீட்டர் முன் நின்றேன். விளக்கு நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. சுமார் பத்து விநாடிக்கு ஒரு முறை சீராக மினுக்கிக்கொண்டிருந்தது.

பத்து விநாடிக்கு ஒன்று என்றால் மணிக்கு 360. 360ஐ 3200ஆல் வகுத்தால் 0.11 யூனிட். அதாவது 110 வாட்டுக்குக் கொஞ்சம் மேல் எங்கோ ஏதோ ஓடுகிறது. விளக்காக இருக்க முடியாது, அது சின்ன அளவு. ஹீட்டராகவும் இருக்க முடியாது, அது பெரிய அளவு. யோசித்துக்கொண்டே நிற்கும்போது, நடைவழிக் கோடியில் எல்லோரும் பயன்படுத்தும் பழைய ஃப்ரிட்ஜ் 'டக்' என்று ஒரு சத்தத்தோடு ஓய்ந்தது. மீட்டர் விளக்கும் ஓய்ந்தது. கொஞ்ச நேரம் கழித்து ஃப்ரிட்ஜ் மறுபடி உறும, விளக்கும் மறுபடி மினுக்க ஆரம்பித்தது. அது ஓய்ந்திருக்கும் நேரத்தில்கூட ஏறக்குறைய இரண்டு நிமிடத்துக்கு ஒரு மினுக்கு விழுந்தது. அது 10 வாட். நடைவழி விளக்கு.

ஃப்ரிட்ஜின் கம்ப்ரஸர் நாளில் பாதி நேரம் ஓடுகிறது என்று வைத்தாலும் தினம் 1.3 யூனிட், மாதத்துக்கு 40 யூனிட். தளத்தில் எல்லோருடைய பாலும் தயிரும் என் ரீசார்ஜில் குளிர்ந்துகொண்டிருந்தன.

வீட்டுக்காரரிடம் போனபோது அவர் முதலில் சொன்னது, "தம்பி, மீட்டர் பொய் சொல்லாது." மேலே வந்து பாருங்கள் சார் என்றேன். வந்தார். அவர் கையாலேயே ஃப்ரிட்ஜ் ப்ளக்கைப் பிடுங்கி, மீட்டரைப் பார்த்து, மறுபடி சொருகிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. "எலக்ட்ரீஷியன் பக்கத்துல இருந்த லைனைப் புடிச்சு இழுத்துட்டான் போலருக்கு" என்றார். அப்படித்தான் இருந்திருக்கும், அவர் வேண்டுமென்று செய்யவில்லை என்பதை நான் நம்புகிறேன். சொன்னபடி அதைப் பொது லைனுக்கு மாற்றியும் கொடுத்தார். ஆனால் எனக்கு முன்னால் அதே அறையில் வரிசையாகக் குடியிருந்தவர்கள் அந்த ஃப்ரிட்ஜுக்குக் கட்டிய பணத்துக்குக் கணக்கு யாரிடமும் இல்லை. அவர்களில் எத்தனை பேர் "நான்தான் அதிகமாக எரிக்கிறேன் போல" என்று நினைத்து மின்விசிறியை நிறுத்தி நிறுத்திப் போட்டார்களோ. என்னை இன்றுவரை உறுத்துவது அதுதான்.

இந்தச் சோதனைக்கு எந்தக் கருவியும் வேண்டாம், யார் அனுமதியும் வேண்டாம். ஃபோனில் ஸ்டாப்வாட்ச் போதும். உங்கள் மீட்டரில் எண் 1600 என்றோ 1000 என்றோ இருக்கலாம், கணக்கு ஒன்றுதான். மோட்டார், மாடிப்படி விளக்கு, வைஃபை ரவுட்டர், பொதுக் குளியலறையின் ஹீட்டர், எது வேண்டுமானாலும் உங்கள் ஒயரில் தொங்கிக்கொண்டிருக்கலாம். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மீட்டர் பெட்டியைத் திறந்து ஒயரைத் தொடுவது எலக்ட்ரீஷியன் வேலை.

தனி மீட்டர் இல்லாமல் நான்கு பேருக்கும் ஒரே மீட்டர் இருக்கும் வீடுகளில் கதை வேறு. அங்கே வீட்டுக்காரரோடு பிரச்சினை குறைவு, ஒருவருக்கொருவர்தான் பிரச்சினை. "போன தடவை யார் போட்டது?" என்ற கேள்வியில் தொடங்கும். தேதி போட்டு எழுதிவைத்தாலும் தீராது, ஏனென்றால் போட்டது யார் என்பதைவிட எரித்தது யார் என்பதுதான் உள்ளே இருக்கும் கேள்வி.

இதில் கண் நம்மை ஏமாற்றிவிடுகிறது. இரவு முழுக்க எரிந்த ஒரு 9 வாட் விளக்குக்காகச் சண்டை வரும். பத்து மணி நேரம் எரிந்திருந்தாலும் அது யூனிட்டில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. நாள் முழுக்க ஓடும் ரவுட்டர் கால் யூனிட். 2000 வாட் ஹீட்டரைக் கால் மணி நேரம் போட்டுக் குளித்துவிட்டு ஒருவர் வேலைக்குப் போனால் அரை யூனிட் போயிற்று, யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். எந்நேரமும் கண்ணில் படுவதற்குத்தான் பழி வரும். வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர், இரவு ஷிப்ட் முடிந்து பகலில் தூங்குபவர், இவர்கள்தான் பெரும்பாலும் அந்தப் பழியைச் சுமப்பவர்கள். உண்மையில் யூனிட்டைத் தின்பது சூடாக்குவதும் குளிரவைப்பதும்தான். ஏசி, ஹீட்டர், இண்டக்ஷன் அடுப்பு, இஸ்திரிப் பெட்டி. இவற்றை மட்டும் கணக்கில் எடுத்து, மற்றதைச் சமமாகப் பிரித்துக்கொண்ட வீடுகளில் நட்பு நீடித்ததைப் பார்த்திருக்கிறேன். ப்ளக்குக்கு ஒரு மீட்டர் வாங்கி மாட்டி ஃபோன் சார்ஜர்வரை எண்ணிய வீட்டில் ஒருவருக்கொருவர் பேச்சே நின்றுபோனது. எண்ணுவது எனக்குப் பிடிக்கும், ஆனால் அந்த அளவுக்கு எண்ணுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

பணம் தீர்கிற நேரமும் ஒரு செலவுதான். மீட்டருக்குப் பகல், இரவு தெரியாது. நடுராத்திரியில் யூனிட் பூஜ்யம் ஆனால், அந்த நேரத்தில் விழித்திருப்பவர் யாரோ அவர்தான் போட வேண்டும். அதாவது மறுநாள் பரீட்சைக்குப் படிப்பவர், அல்லது கைக்குழந்தை வைத்திருப்பவர். ஃப்ரிட்ஜில் ஒருவர் இன்சுலின் வைத்திருந்தால், மற்ற மூவருக்கு வெறும் இருட்டாக இருப்பது அவருக்கு வேறு விஷயம் ஆகிவிடுகிறது. கடைசியில் யாருக்கு அவசரம் அதிகமோ அவரே திரும்பத் திரும்பப் போடுவார். பல மாதம் கழித்துக் கூட்டிப் பார்த்தால் அந்தப் பாரம் யார் மேல் விழுந்திருக்கிறது என்று தெரியும்.

ப்ரீபெய்டு மீட்டர் வந்தால் மக்கள் சிக்கனமாகிவிடுவார்கள் என்று பலர் புகழ்வதுண்டு. கேப் டவுனில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களை மாத பில்லிலிருந்து ப்ரீபெய்டுக்கு மாற்றியதை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2020இல் வெளியானது. மாறியவர்களின் மின் பயன்பாடு ஏறக்குறைய 14 சதவீதம் குறைந்ததாக அது காட்டியது. விற்பனை குறைந்தாலும், பணம் வசூலாவது மேம்பட்டதாலும் செலவு குறைந்ததாலும் மாநகராட்சிக்கு மொத்தத்தில் லாபமே. அந்த 14 சதவீதத்தை நான் இரண்டாகப் பிரித்துப் பார்க்கிறேன். தேவையில்லாமல் எரிந்த விளக்கை அணைத்தது ஒரு பகுதி, அது நல்லதுதான். வெந்நீர் இல்லாமல் குளித்தது, வேகவைக்க வேண்டியதை வேகவைக்காமல் விட்டது, வெயிலில் மின்விசிறி இல்லாமல் கிடந்தது இன்னொரு பகுதி. கணக்கேட்டில் இரண்டும் ஒரே எண்ணாகத்தான் பதிவாகும். பில் கட்டாதவர் வீட்டு ஃபியூஸைப் பிடுங்க ஒருவர் வர வேண்டியிருந்த காலத்தில் அதற்கு ஒரு நோட்டீஸ் இருந்தது, ஒரு தேதி இருந்தது, முறையிட ஓர் இடம் இருந்தது. ப்ரீபெய்டில் இணைப்பை யாரும் துண்டிப்பதில்லை. பணம் தீர்ந்தால் தானாக அணையும். அதனால் எத்தனை வீடுகள் இருட்டில் இருந்தன என்ற கணக்கும் பெரும்பாலும் எழாது.

பிரிட்டனின் கதையைப் பார்த்தால் இது புதிய பிரச்சினை இல்லை என்று தெரியும். காசு போட்டால் எரிவாயு வரும் மீட்டர்கள் அங்கே 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே வந்துவிட்டன. பிறகு மின்சாரத்துக்கும் வந்தன. ஒரு நாணயத்துக்கு எவ்வளவு கொடுப்பது என்பதைத் திருகி மாற்றும் வசதி அந்த மீட்டரில் இருந்தது. வாடகை வீடுகளில் அந்தத் திருகு வீட்டுக்காரர் கையில் இருந்தது. இன்றைய சப் மீட்டரில் திருகுக்குப் பதில் மென்பொருள், அவ்வளவுதான். அங்கே இதற்கு ஒரு தெளிவான விதி உண்டு: 2003 ஜனவரி 1 முதல், குடியிருப்பவருக்கு மின்சாரத்தை மறுவிற்பனை செய்யும் வீட்டுக்காரர் தான் வாங்கிய விலைக்கு மேல் யூனிட்டுக்கு வாங்கக் கூடாது. எனக்கு மிகவும் பிடித்த விதி இது. மின்சாரத்தில் லாபம் வேண்டாம். லாபம் வேண்டுமென்றால் வாடகையில் வெளிப்படையாகக் கேள் என்கிறது. வாடகை என்றால் ஒப்பிட்டுப் பார்க்கலாம், பேரம் பேசலாம், வேண்டாமென்று போய்விடலாம்.

அதே பிரிட்டனில்தான், முன்பணம் கட்டி எரித்தவர்கள் வங்கிக் கணக்கிலிருந்து மாதாமாதம் கட்டியவர்களைவிட அதிக விலை கொடுத்துவந்தார்கள். 2023 ஜூலையில்தான் அந்த வித்தியாசம் நீக்கப்பட்டது. அதே வருடம் பிப்ரவரியில், பாக்கி வைத்தவர்கள் வீட்டுக்குள் ஆட்கள் நுழைந்து கட்டாயமாக ப்ரீபெய்டு மீட்டர் பொருத்துவதை ஒரு நாளிதழ் வெளிக்கொண்டுவர, ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம் அதை நிறுத்திவைக்கச் சொன்னது. இந்தியாவில் 2020 டிசம்பர் கடைசியில் வந்த மின் நுகர்வோர் உரிமை விதிகள், புதிய இணைப்புகளுக்கு ப்ரீபெய்டு மீட்டரையே வழக்கமாக்கின. 2021இல் தொடங்கிய திட்டத்தின் இலக்கு 25 கோடி ஸ்மார்ட் ப்ரீபெய்டு மீட்டர்கள். இவையெல்லாம் மெயின் மீட்டர் வரைக்குமான ஏற்பாடுகள். ஒரு வீட்டுக்குள் பத்து அறைகளும் பத்து சப் மீட்டர்களும் இருந்தால், மெயின் மீட்டரைத் தாண்டி உள்ளே நடப்பதைப் பார்க்க ஆள் இல்லாத இடங்கள்தான் அதிகம்.

வீட்டுக்காரர்களின் பயத்தையும் நான் மதிக்கிறேன். மூன்று மாத பில்லை அப்படியே விட்டுவிட்டு இரவோடு இரவாகக் காலி செய்துகொண்டு போனவரால் அடிபட்டவர்கள் இருக்கிறார்கள். பகிர்வு வீட்டில் ஒரு அறைத்தோழர் அப்படிப் போனால் அடிபடுவது மற்ற அறைத்தோழர்களும்தான். ப்ரீபெய்டு அந்த ஒரு பிரச்சினையை உண்மையிலேயே தீர்க்கிறது. பெரிய பில் வந்து தலையில் விழாது, கையில் இருப்பதற்குள் செலவு நிற்கும். நான் ப்ரீபெய்டே வேண்டாம் என்று சொல்லவில்லை. பாக்கி விழும் பயத்தை மொத்தமாகக் குடியிருப்பவர் தோளுக்கு மாற்றிய பிறகு, அதற்கு மேல் ஒரு விலையையும் வைப்பது எந்த நியாயத்தில் என்றுதான் கேட்கிறேன்.

அதனால் அறை பார்க்கப் போகும்போது கூச்சப்படாமல் கேளுங்கள். மீட்டர் யாருடையது, யூனிட் விலை யார் வைத்தது, போன மாத மெயின் பில்லைக் காட்ட முடியுமா என்று. பில்லைக் காட்டத் தயங்காத வீட்டுக்காரரிடம் மற்ற விஷயங்களும் பெரும்பாலும் ஒழுங்காக இருக்கும். காட்டினால், மொத்தத் தொகையை மொத்த யூனிட்டால் வகுத்துப் பாருங்கள். அந்தச் சராசரிதான் சப் மீட்டருக்கு வைக்க வேண்டிய விலை, கடைசிப் படியின் விலை அல்ல. பொது விளக்கு, மோட்டார், ஃப்ரிட்ஜ் எந்த மீட்டரில் ஓடுகின்றன என்றும் கேளுங்கள். பொதுவுக்குத் தனி மீட்டர் இருந்தால் நல்லது. இல்லையென்றால் அது வாடகைக்குள் அடக்கம் என்று எழுதி வாங்கிக்கொள்ளலாம். முடிந்தால் அறையைப் பார்க்கும்போதே எல்லாவற்றையும் அணைத்துவிட்டு அந்தச் சிவப்பு விளக்கைக் கொஞ்ச நேரம் பாருங்கள். குடியேறும் நாளில் மீட்டர் எண்ணையும் திரையில் இருக்கும் யூனிட்டையும் ஃபோட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கே அனுப்பிவிடுங்கள். முதல் ரீசார்ஜைச் சின்னத் தொகைக்குச் செய்து, பழைய பாக்கி எதுவும் கழிகிறதா என்று ரசீதில் பார்த்துவிட்டு அப்புறம் பெரிதாகப் போடுங்கள்.

காலி செய்யும்போது ஒன்று. மீட்டரில் ஏறிய யூனிட்டை உங்களால் எடுத்துக்கொண்டு போக முடியாது. டோக்கன் அந்த மீட்டரோடு கட்டுப்பட்டது. அடுத்து வருபவர் அதை எரிப்பார், அல்லது வீட்டுக்காரர் எரிப்பார். கடைசி வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகவே போடுங்கள். அப்படியும் மிச்சம் இருந்தால் அந்தத் திரையையும் ஒரு ஃபோட்டோ எடுத்து, அந்த யூனிட்டுக்கு உள்ள பணத்தை அட்வான்ஸ் கணக்கிலேயே சேர்த்துக் கேளுங்கள். சிலர் தரமாட்டார்கள். நான் கேட்டபோது தந்தார்கள்.